வாங்க மறுத்தால் அரசாங்கம் என்ன செய்யும்? – சான்சிபார் கிராம்புக் கதை



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில், ஒரு கம்பெனி நமக்குத் தரும் கமிஷனைக் குறைத்துவிட்டது பற்றிப் பேச்சு வந்தது. இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஒரு மாசம் அவங்க சரக்கை யாரும் எடுக்காம இருந்தாப் போதும் அண்ணாச்சி, தானா இறங்கி வருவாங்க" என்றார். பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தபின் பழைய நினைவு ஒன்று வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சோப்புக் கம்பெனியோடு எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் இதேபோல மோதினோம். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் கையிருப்பு தீர்ந்தது. மூன்றாம் வாரம் ஒருவர் பக்கத்து ஊர் ஏஜென்சியிலிருந்து இரவில் பெட்டி இறக்கிக்கொண்டார். மறுநாள் காலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தோடு முடிந்தது போராட்டம். இறக்கியவர் இன்று உயிரோடு இல்லை. அவரை நான் குறை சொல்லவும் இல்லை, அவர் கடையில் பாதி வியாபாரம் அந்த ஒரு சோப்பில்தான் நடந்தது.

வாங்க மறுப்பது ஒரு நாள் வேலை. மறுத்தபின் எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்று கணக்குப் போடுவதுதான் பெரிய வேலை. அதிலும் எதிர்த்தரப்பு கம்பெனியாக இல்லாமல், சட்டமும் போலீசும் கஜானாவும் கையில் உள்ள அரசாங்கமாக இருந்தால்? நம் தொழிலில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1937, 1938 ஆண்டுகளில் சான்சிபார் கிராம்பை இந்தியா வாங்க மறுத்த விவகாரம் அது. மளிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கே அதிகம் தெரியாத கதை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன், பகிஷ்காரம் என்றால் வெள்ளைக்காரன் வழக்கமாக என்ன செய்வான் என்று பார்த்துவிடுவோம். தூத்துக்குடிக் கதை நமக்குத் தெரிந்ததே. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. அதுவும் போதாமல் 1908 மார்ச்சில் அரசாங்கம் வ.உ.சி.யைக் கைது செய்து வழக்குப் போட்டது. 1911-இல் கம்பெனி மூடப்பட்டது. ஒரு பக்கம் விலையை வெட்டுவது, மறு பக்கம் தலைவனைச் சிறையில் தள்ளுவது.

அடுத்தது அந்நியத் துணி பகிஷ்காரம். 1929-30-இல் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்துத் துணி 124 கோடி கெஜத்துக்கு மேல். அடுத்த ஆண்டு அது 52 கோடி கெஜமாகச் சுருங்கியது. உலக மந்தமும் அதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், மறியலின் பங்கு சிறிதல்ல. அரசாங்கம் 1930 மே மாதத்தில் மறியலைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டது. 1931 மார்ச்சில் காந்தி – இர்வின் ஒப்பந்தப்படி அமைதியான மறியலுக்கு இடம் கொடுத்தது. வெலிங்டன் பிரபு வந்தபின் 1932 ஜனவரி 4-ஆம் தேதி ஒரே நாளில் நான்கு அவசரச் சட்டங்கள். அவற்றில் ஒன்று பகிஷ்காரத்தை ஒடுக்குவதற்கென்றே எழுதப்பட்டது. அதாவது தடி, கொஞ்சம் பேச்சு, மறுபடியும் தடி.

இந்தத் தடி சான்சிபாரில் எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை, அதற்குப் பதிலாக அரசாங்கம் எதைக் கையில் எடுத்தது என்பதுதான் விஷயம்.

சான்சிபார், பெம்பா இரண்டும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய சிறு தீவுகள். அரபு சுல்தான் பெயரளவில் ஆண்டாலும், 1890 முதல் அது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடு. உண்மையான அதிகாரம் பிரிட்டிஷ் ரெசிடெண்டிடம் இருந்தது. அன்று உலகம் உபயோகித்த கிராம்பில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு தீவுகளில் விளைந்தது. தோட்டக்காரர்கள் அரபுகளும் ஆப்பிரிக்கர்களும். மொக்கைப் பறித்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலேற்றியவர்கள் பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் கட்ச் பகுதியிலிருந்தும் போய்க் குடியேறிய நம் நாட்டு வணிகர்கள். சரக்கு போன இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பம்பாய் வழியாக இந்தியா. மற்றொன்று டச்சுக்காரர் ஆண்ட ஜாவா. அங்கே கிராம்பைப் பொடித்துப் புகையிலையோடு கலந்து கிரெடெக் என்ற சிகரெட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

கிராம்பு கையாண்டவர்களுக்கு இந்தச் சரக்கின் குணம் தெரியும். மரம் ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் கைவிடும். மூன்று கிலோ பச்சை மொக்கு காய்ந்தால் ஒரு கிலோ சரக்கு. ஈரத்தோடு குவித்துவிட்டால் வெளிறிச் சுருங்கி 'கோக்கர்' ஆகிவிடும். பறிகூலியோ அதிகம், பருவம் வந்தால் கைக்காசு வேண்டும். அந்தக் கைக்காசைக் கொடுத்தவர் இந்திய வியாபாரி. மரத்தில் இருக்கும் மொக்கின் பேரில் முன்பணம். அது தீராவிட்டால் தோட்டத்தின் பேரில் அடமானம். விலை நன்றாக இருந்தவரை இது ஓடியது. 1929-க்குப் பின் உலக மந்தம் வந்து விலை விழுந்ததும் தோட்டக்காரர் தலையில் கடன் குவிந்தது. தோட்டங்கள் எல்லாம் இந்தியர் கைக்குப் போய்விடும் என்ற பயம் பரவியது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயம் முழுக்கக் கற்பனை அல்ல. வட்டி கடுமையாகவே இருந்தது. முன்பணம் கொடுத்தவனுக்கே சரக்கு என்றால் தோட்டக்காரனுக்கு விலை பேசும் பலம் ஏது? நம் மண்டிகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். சிலர் செய்தும் இருக்கிறோம். ஆகவே அங்குள்ள அரசாங்கம் "விவசாயியைக் காப்பாற்றுகிறேன்" என்று சொன்னபோது அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருந்தது. காப்பாற்றிய விதம்தான் வம்பாகிப் போனது.

1934-இல் ஒரே மூச்சில் பல சட்டங்கள் வந்தன. அரபு அல்லது ஆப்பிரிக்கரின் நிலம் மற்றவர் கைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்றது ஒரு சட்டம். கடன் வசூல் நிறுத்திவைக்கப்பட்டது. கிராம்பு ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வந்தது. 1927 முதல் இருந்துவந்த கிராம்பு விளைவிப்போர் சங்கத்துக்குப் புதிய அதிகாரங்கள் கொடுக்கப்பட்டன. பெயர்தான் விவசாயிகள் சங்கம், நடத்தியது அரசாங்கம். இந்தியர்கள் டில்லிக்கு முறையிட்டார்கள். இந்திய அரசாங்கம் கே.பி.எஸ்.மேனன் என்ற அதிகாரியை அனுப்பி விசாரித்தது. இந்தச் சட்டங்கள் இந்தியர் நலனுக்குப் பெரும் கேடு என்று அவர் அறிக்கை கொடுத்தார். லண்டனில் அது அசையவில்லை. மாறாக, பைண்டர் என்ற லண்டன் கணக்குத் தணிக்கையாளரை அனுப்பிக் கிராம்புத் தொழிலை ஆராயச் சொன்னார்கள். 1936-இல் அவர் அறிக்கை வந்தது. 1937-இல் அதையொட்டிப் புதுச் சட்டம் வந்தது. இனித் தோட்டக்காரரிடம் கிராம்பு வாங்கும் உரிமை அந்தச் சங்கம் ஒன்றுக்கே. ஏற்றுமதி செய்பவர் சங்கத்திடம்தான் வாங்க வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கொள்முதல் செய்தவனை ஒரு காகிதத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். பெம்பாவில் கிராமத்துக் கடை வைத்திருந்த சிறு வியாபாரிக்கு அது இன்னும் பெரிய அடி. அவன் அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் கடன் கொடுத்ததே பருவத்தில் கிராம்பாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான்.

சான்சிபாரில் இருந்த இந்திய வணிகர்கள் கிராம்பு வியாபாரத்தையே நிறுத்தினார்கள். சங்கத்திடம் வாங்குவதில்லை, கப்பலேற்றுவதில்லை என்று ஹர்த்தால். இந்தியாவில் காங்கிரஸ் இதைக் கையில் எடுத்தது. சான்சிபார் கிராம்பை யாரும் வாங்க வேண்டாம் என்று அறிவித்தது. சர்தார் வல்லபாய் படேல் முன்னின்று நடத்தினார். பம்பாயில் மறியல் நடந்தது. 1938 பிப்ரவரியில் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டிலும் இதற்கென்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு சாதாரண மளிகைச் சரக்குக்காகத் தேசிய மகாநாட்டில் தீர்மானம் என்பது நம் தொழிலுக்குக் கிடைத்த அபூர்வமான மரியாதை!

இப்போது அரசாங்கத்தின் பக்கம் போய் உட்கார்ந்து பார்ப்போம். தடியை எடுக்கலாமா? சான்சிபாரில் யாரை அடிப்பது? கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, "எனக்குச் சரக்கு வேண்டாம்" என்று சும்மா உட்கார்ந்திருப்பவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? மறியல் நடப்பதோ கடலுக்கு அப்பால் பம்பாயில். அங்கே 1937 ஜூலை முதல் பி.ஜி.கெர் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பகிஷ்காரத்தைக் குற்றமாக்கிய அதே ஊரில், இப்போது பகிஷ்காரம் செய்த கட்சியே ஆட்சியில் இருந்தது. டில்லியில் இருந்த வெள்ளை அரசாங்கமும் இந்த விஷயத்தில் சான்சிபாருக்கு உதவவில்லை. மேனன் அறிக்கையை அனுப்பியதே அதுதான். அதே சமயம், சட்டம் போட்டுக் கிராம்பு இறக்குமதியைத் தடுக்கும் அளவுக்கு டில்லி துணியவும் இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கடை. உள்ளே போனால் ஒவ்வொரு கல்லாவுக்கும் ஒரு கணக்கு.

ஆகவே சான்சிபார் அரசாங்கம் வேறு வழியில் போயிற்று. "வணிகன் இல்லாமல் நானே நடத்திக் காட்டுகிறேன்" என்று நின்றது. சங்கம் தோட்டக்காரரிடம் விலை வைத்து வாங்கியது. வாங்கித்தான் ஆக வேண்டும். விவசாயிக்காகத்தான் இந்தச் சட்டம் என்று சொல்லிவிட்டுப் பருவத்தில் வாங்காமல் இருக்க முடியுமா? கூடவே ஒரு பிரசாரமும் நடந்தது. இந்தப் பகிஷ்காரம் ஏழை அரபு, ஆப்பிரிக்க விவசாயியின் வயிற்றில் அடிக்கிறது, இந்திய வட்டிக்காரனின் சுயநலம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது என்றார்கள். இது லேசான ஆயுதம் அல்ல. தோட்டக்காரனையும் வியாபாரியையும் எதிரெதிரே நிறுத்தினால் அரசாங்கம் நடுவில் நல்ல பெயர் வாங்கலாம். மதமும் இனமும் வேறாக உள்ள ஊரில் இந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கொள்முதல் என்பது வியாபாரத்தில் பாதிதான். பணமும் கிடங்கும் இருந்தால் யாரும் வாங்கலாம். விற்பதற்கு என்ன வேண்டும்? பம்பாய்க்காரன் எந்தத் தரம் கேட்பான், ஜாவாவுக்கு எது போகும், யாருக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கலாம், யாருடைய உண்டியல் திரும்பி வரும், எந்தக் கப்பலில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த இந்திய வணிகர்களின் தலைக்குள் இருந்தது. அவர்கள் ஒதுங்கியதும் அரசாங்கம் இந்தியா என்ற சந்தையை மட்டும் இழக்கவில்லை, மற்ற நாடுகளுக்கு விற்றுக் கொடுத்த கையையும் சேர்த்தே இழந்தது. அங்கேதான் அவர்கள் போட்ட கணக்கு தவறியது.

சரக்கு தேங்கியது. கிராம்பு தக்காளி அல்ல, உலர்ந்த சரக்கு, இருப்பு தாங்கும். ஆனால் நாளாக நாளாக எண்ணெய் குறையும், எடை குறையும். முடங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் குறையாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட மடகாஸ்கரிலும் கிராம்பு சாகுபடி வளர்ந்துவந்தது. இருக்கும் சந்தையை அவன் பிடித்துக்கொண்டால் பிறகு சமாதானமாகியும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சான்சிபார் அரசாங்கத்தின் வருமானத்தில் கிராம்பு ஏற்றுமதித் தீர்வைக்கு முக்கியமான பங்கு இருந்தது. கப்பல் ஏறாத மூட்டைக்குத் தீர்வை கிடையாது. சங்கத்தில் பணம் முடங்கியதும் கஜானாவில் வரவு குறைந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. இரண்டும் ஒரே முதலாளியின் இரண்டு பாக்கெட்டுகள்.

வணிகர் தரப்பும் சுகமாக இருக்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் கொள்முதல் இல்லையென்றால் பெரிய ஏற்றுமதிக்காரர் தாங்குவார். தந்தத்திலும் கொப்பரையிலும் கப்பல் ஏஜென்சியிலும் அவருக்கு வேறு வரவு இருக்கும். கிராமத்துச் சிறுகடைக்காரருக்கு என்ன இருக்கிறது? அவர் அசையாமல் நின்றதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எங்கள் சோப்புப் போராட்டத்தில் மூன்றாம் வாரத்தில் இறங்கிய பெட்டியை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தயவுசெய்து இதையும் கவனியுங்கள்: பம்பாயில் கிராம்பை நிறுத்துவது, துணியை நிறுத்துவதைவிட எளிது. துணி இல்லாமல் மனிதன் இருக்க முடியாது, பதிலுக்குக் கதரோ மில் துணியோ கொடுத்தாக வேண்டும். கிராம்பு இல்லாவிட்டால் பீடாவை ஈர்க்குச்சியால் குத்தலாம். பிரியாணியில் பட்டையைக் கொஞ்சம் கூடப் போடலாம். வாங்குகிறவன் எளிதில் விடக்கூடிய சரக்கு, விற்கிறவன் விட முடியாத சரக்கு – பகிஷ்காரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு அமைவது கடினம். உப்புக்கோ மருந்துக்கோ இதே கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும்.

1938 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. கொள்முதலில் சங்கத்துக்கு இருந்த தனியுரிமை கைவிடப்பட்டது. வணிகர்கள் மீண்டும் சந்தையில் வாங்கலாம். ஆனால் ஏற்றுமதி செய்பவர் ஒரு பங்கைச் சங்கத்திடமும் வாங்கியாக வேண்டும் என்று வைத்தார்கள். அதாவது சங்கத்தையும் ஒழிக்கவில்லை, வணிகரையும் வெளியே வைக்கவில்லை. கடன் விவகாரத்துக்குத் தனியாக வேறு சட்டம் வந்தது. நிலச் சட்டத்தில் இந்தியர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. காங்கிரஸ் பகிஷ்காரத்தை விலக்கிக்கொண்டது. பம்பாய்க்கு மறுபடி மூட்டைகள் வந்தன.

இதை இந்தியர்களின் முழு வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வாங்கும் உரிமை திரும்பக் கிடைத்தது உண்மை. அந்த ஓராண்டில் தோட்டக்காரர் மனத்தில் விழுந்த கசப்பு எந்த உடன்பாட்டிலும் எழுதப்படவில்லை. 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது அரபுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், இந்தியக் குடும்பங்கள் பல சொத்தை விட்டுவிட்டு ஓடின. அதற்குக் காரணங்கள் பல. கிராம்பு மட்டுமே காரணம் அல்ல. ஆனால் தோட்டக்காரன், கூலிக்காரன், கடைக்காரன் மூவருக்கும் நடுவே பழைய கணக்கு தீராமலே கிடந்தது என்பதை மறுக்க முடியாது.

அதைவிட வேடிக்கை, வெள்ளைக்காரன் விட்டுக்கொடுத்த அந்தத் தனியுரிமையைச் சுதந்திர அரசாங்கம் எடுத்துக்கொண்டது. புரட்சிக்குப் பிறகு கிராம்புக் கொள்முதல் அரசு வாணிபக் கழகத்தின் கைக்குப் போயிற்று. கழகம் வைத்த விலை பிடிக்காதபோதெல்லாம் பெம்பாவிலிருந்து இரவுப் படகில் மூட்டைகள் கென்யாவின் மொம்பாசாவுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தோனேஷியாவிலும் 1990-களில் அதிபர் சுகார்த்தோவின் மகன் தலைமையில் கிராம்புக்கு ஏகபோகக் கொள்முதல் அமைப்பு ஒன்று வந்தது. அங்கும் இதே கதைதான். வாங்கிக் குவித்தார்கள், விற்க முடியவில்லை. 1998-இல் சர்வதேச நிதியம் கடன் கொடுக்கும்போது போட்ட நிபந்தனையால் அதை மூடினார்கள்.

நம் பக்கத்துக்கும் கிராம்புக்கும் பழைய உறவு உண்டு. 1800-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாகக் கிராம்பு நட்டது குற்றாலத்தில்தான். இன்று கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனாலும் நம் தேவைக்கு அது போதாது. கடையில் நாம் நிறுக்கும் சரக்கில் பெரும்பங்கு இன்னமும் கடல் தாண்டித்தான் வருகிறது.

கம்பெனி விவகாரம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் வருகிறது. வரும்போது ஒவ்வொருவரும் மூன்று விவரங்களை எழுதிக்கொண்டு வரும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கம்பெனிச் சரக்கு உங்கள் கடையில் இப்போது எத்தனை பெட்டி இருக்கிறது? மாத விற்பனையில் அது நூற்றுக்கு எத்தனை? அதைக் கேட்டு வரும் வாடிக்கையாளர் வேறு சரக்கு கொடுத்தால் எடுத்துக்கொள்வாரா, அடுத்த கடைக்குப் போவாரா? சிறுகடைக்காரர்கள் அவசியம் வர வேண்டும்.